முதலை கொட்டாவி விடவில்லை

வங்காளத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் வருஷத்துக்குள் தடுப்பூசி, சோறூட்டு, ‘கொட்டாவி விட்ட முதலை’ ஆகிய மூன்றும் கிடைத்துவிடும். முதல் இரண்டும் கொஞ்சம் தள்ளிப்போனால் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது தள்ளிப்போனால் பொறுக்க மாட்டார்கள். அது வந்த பிறகுதான் அவர்களுக்குத் தூக்கம்.

சின்னப் படப் புத்தகம். ஆற்றங்கரையில் ஒரு முதலை கொட்டாவி விடுகிறது. அதைப் பார்த்த தவளை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போகிறது. தவளையைப் பார்த்த போலீஸ்காரர், போலீஸ்காரரைப் பார்த்த தபால்காரர், அவரைப் பார்த்த டாக்டர், டாக்டரைப் பார்த்த ராஜா என்று ஊரே வாயைப் பிளந்து தூங்கிவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் எழுத்தே கிடையாது. படகில் ஒரு கைக்குழந்தை மட்டும் முழித்துக்கொண்டிருக்கிறது. முதலையும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

எழுதி, வரைந்தவர் ஹிமானி சர்பாதிகாரி. லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். வெற்றிலையும் வம்பும் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. என் பெயர் வேதாந்தம். வங்காளிகள் வாயில் ‘வ’ நிற்காது என்பதால் அவருக்கு நான் பேதாந்தம் பாபு. எனக்கு அவர் ஹிமானி தீதி, அதாவது அக்கா.

“என் பொண்ணு கைக்குழந்தையா இருக்கறப்ப கண்ணையே மூட மாட்டா, பேதாந்தம் பாபு” என்று ஒரு நாள் சொன்னார். “வெறுத்துப்போய் வரைய ஆரம்பிச்சேன். தவளையைத் தூங்கவெச்சேன், ராஜாவைத் தூங்கவெச்சேன். அவ மட்டும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே கெடந்தா. அதான் அந்தக் கடைசிப் பக்கம். மத்ததெல்லாம் கற்பனை. அது ஒண்ணுதான் நிஜம்.”

அந்தப் பெண் இப்போது அசன்சோலில் வங்கி மேலாளர். இன்னமும் சரியாகத் தூங்குவதில்லை என்று கேள்வி.

முதலையைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சி ஏற்கெனவே இரண்டு முறை நடந்திருக்கிறது. முதலாவது, கறுப்பு வெள்ளைக் காலத்தில் பொம்மைகளை வைத்து எடுத்த குறும்படம். புத்தகத்தில் இருந்ததை அப்படியே எடுத்துவிட்டார்கள். அதுதான் வினை. பெரிய படத்துக்கு முன்னால் இதைப் போட்டார்கள். ஜனங்கள் இதைப் பார்த்துத் தூங்கி, பெரிய படம் முடிந்த பிறகு எழுந்து, டிக்கெட் வாங்கிய படத்தைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். கொட்டகைக்காரர்கள் ஒன்றுகூடி முறையிட்டு அதை நிறுத்தினார்கள்.

இரண்டாவது, தொலைக்காட்சித் தொடர். அதில் முதலைக்கு இரண்டு மனைவிகள், சொத்து வழக்கு, விஷம் வைக்கும் ஒரு மைத்துனன் எல்லாம் உண்டு. கொட்டாவி வரும், வரும் என்று வருஷக்கணக்காக இழுத்தார்கள். ஒருவழியாக முதலை வாயைத் திறந்த அன்று நகரம் முழுவதும் மின்தடை. அதைப் பார்த்தவர் இன்றுவரை எவரும் இல்லை.

இந்நிலையில்தான் சிறார் திரைக்கலை மேம்பாட்டு இயக்ககம் என்ற ஒன்று, அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும், மேற்படி முதலையை மாநில அரசுச் செலவில் முழுநீளச் சித்திரப் படமாக எடுப்பதென்று முடிவெடுத்தது. இயக்ககத்தின் துணை இயக்குநர் நிகுஞ்ச கடாய், சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு ஹிமானி தீதியின் மாடிக்கு வந்தார். கூடவே தூர்ஜடி மல்லிக் என்ற திரைப்பட இயக்குநரும் வந்தார். வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கியவர். அவருடைய கடைசிப் படத்தில் ஒருவர் ஒரு கதவைப் பார்ப்பார். கதவு பிற்பாதியில் அவரைப் பார்க்கும்.

தூர்ஜடி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, பெரியம்மா முறை கொண்டாடிக் கேட்டார். “மாஷிமா, இந்த முதலை ஏன் கொட்டாவி விடுது?”

“தூக்கம் வருது, விடுது.”

“அது மேலோட்டமான பதில். அதுக்குள்ள என்ன காயம்? சின்ன வயசுல அதுக்கு என்ன நடந்துச்சு?”

“சின்ன வயசுல அது முட்டைக்குள்ள இருந்துச்சு, பாபா.”

தூர்ஜடி சட்டென்று நிமிர்ந்தார். “முட்டை! இருட்டு! அடைபட்ட ஓர் உயிர்! அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம். முதல் ஒரு மணி நேரம் முட்டைக்குள்ளேயே.”

நிகுஞ்ச கடாய் பவ்யமாகக் குனிந்தார். “மாஷிமா, ஒப்பந்தத்துல கையெழுத்து மட்டும் போட்டுட்டீங்கன்னா...”

“கடைசிப் பக்கத்தை யாரும் தொடக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது. மத்தபடி முதலைக்கு மீசை வெச்சாலும் சரி.”

“எழுதியே தர்றேன்” என்று சொல்லி அவரும் அங்கேயே எழுதினார்: கடைசிப் பக்கத்தை ஆசிரியரின் ஆலோசனை பெற்றே மாற்ற வேண்டும். ஹிமானி தீதி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு ஒரு சந்தேஷ் எடுத்துக்கொண்டேன்.

கதையில் அரசுப் பணியாளர்கள் வருவதால் அந்தந்தத் துறையின் கருத்தைக் கேட்பது அவசியம் என்று இயக்ககத்துக்குத் தோன்றியது. ஆகவே ஒருங்கிணைப்புக் கூட்டம் கூட்டினார்கள். ஹிமானி தீதி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நீளமான மேஜை, சிங்காரா என்கிற சமோசா, தேநீர், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துறை.

காவல்துறையிலிருந்து வந்தவர் தொண்டையைச் செருமினார். “பணியில் இருக்கும் காவலர் கொட்டாவி விடறதா காட்டறது படையோட மன உறுதியைப் பாதிக்கும்.”

“படத்துல அவர் பணியில் இருக்காரா?” என்று கேட்டார் நிகுஞ்ச கடாய்.

“தொப்பி போட்டிருக்காரே.”

“தொப்பியை எடுத்துட்டா?”

“தொப்பி இல்லாம பணிக்கு வந்ததுக்கு நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.”

நெடுநேரம் யோசித்து, காவலர் வாயைத் திறப்பது விசில் ஊதுவதற்காக என்று முடிவானது. ஆகவே அவர் தூங்கவில்லை.

சுகாதாரத் துறை, டாக்டர் கண்ணை மூடுவதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அவர் நோயாளியைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்கிறார் என்று ஒரு வரி திரையில் ஓட வேண்டும் என்றது.

“தபால்காரர்?” என்று கேட்டார் நிகுஞ்ச கடாய்.

எல்லோரும் சுற்றும்முற்றும் பார்த்தார்கள். தபாலுக்கு ஆள் வரவில்லை.

“தபால் மத்திய அரசு ஆச்சே” என்று ஒருவர் நினைவூட்டினார்.

மேஜையில் ஒரு மலர்ச்சி பரவியது. தபால்காரர் தாராளமாகத் தூங்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். குறட்டையும் விடலாம். பையைக் கீழே போட்டு, கடிதங்கள் ஆற்றில் மிதந்து போவதாகவும் காட்டலாம் என்று காவல்துறைக்காரரே யோசனை சொன்னார்.

ராஜாவிடம் வந்தபோது ஒருவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“அரியணையில உக்காந்து ஒருத்தர் கொட்டாவி விட்டா,” என்றார் நிகுஞ்ச கடாய், குரலைத் தாழ்த்தி, “ஜனங்க யாரை நினைப்பாங்க?”

“ராஜாவை” என்றார் ஹிமானி தீதி.

“இல்ல மாஷிமா. நீங்க அரசுப் பணியில் இருந்ததில்ல. உங்களுக்குப் புரியாது.”

ராஜா நீக்கப்பட்டார். அவருக்குப் பதில், முகம் தெரியாதபடி பின்பக்கமிருந்து காட்டப்படும் ஒரு மக்கள் பிரதிநிதி, ஓய்வே இல்லாமல் ஆற்றின் குறுக்கே ஒரு பாலத்தைத் திறந்துவைப்பார்.

கடைசியாக வனத்துறைக்காரர் எழுந்தார். “அடிப்படையிலேயே ஒரு பிழை இருக்கு. முதலை கொட்டாவி விடறதில்ல. உடம்புச் சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து வெச்சுக்கும். அவ்வளவுதான்.”

அறையில் இருந்த எல்லோருக்கும் பெரிய நிம்மதி. முதலையே கொட்டாவி விடவில்லை என்றால் மற்றவர்கள் ஏன் விட வேண்டும்?

“அப்ப கதை?” என்றார் ஹிமானி தீதி.

“கதை அப்படியே இருக்கு, மாஷிமா. கொட்டாவியை மட்டும் எடுத்துட்டோம்” என்றார் நிகுஞ்ச கடாய்.

வனத்துறைக்காரர் இன்னும் உட்காரவில்லை. முதலை பாதுகாக்கப்பட்ட விலங்கு. படப்பிடிப்பின்போது அது துன்புறுத்தப்படவில்லை என்று கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்றார். அது வரைந்த முதலை என்று தூர்ஜடி சொல்லிப் பார்த்தார். வரைந்த முதலைக்கு விதிவிலக்கு உண்டென்று விதியில் எங்கே இருக்கிறது என்று வனத்துறைக்காரர் கேட்டார். எங்கேயும் இல்லை. எனவே ஒரு மருத்துவர் வரவழைக்கப்பட்டு, காகிதத்தின்மேல் குழாய் வைத்துப் பார்த்து, மூச்சு இல்லை, ஆனால் துன்புறுத்தப்பட்டதற்கான அடையாளமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பல் மட்டும் கொஞ்சம் குறைகிறதாம். வரைந்து கொடுத்தார்கள்.

அப்புறம் கடைசிப் பக்கம் வந்தது.

குழந்தைகள் நலத்துறை அம்மையார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாதுகாப்பு உடை இல்லாத குழந்தை. படகு. தண்ணீர். பத்தடியில ஊர்வன. வேலி எங்கே?”

“முதலையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுடலாம்” என்றார் நிகுஞ்ச கடாய்.

“எவ்வளவு தள்ளி?”

“அடுத்த மாவட்டத்துல.”

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றார் காவல்துறைக்காரர். அவர் முகம் இறுகியிருந்தது. “இந்தக் குழந்தை எதுக்குச் சிரிக்குது?”

அவர் படத்தை விரலால் தட்டினார்.

“இத்தனை அதிகாரிங்க கரையில வேலை பார்த்துக்கிட்டிருக்கோம். ஒரு குழந்தை நம்மைப் பார்த்துச் சிரிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்?”

ஹிமானி தீதி எழுந்து நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. வெற்றிலைகூட மெல்லவில்லை. “அது முதலையைப் பார்த்துச் சிரிக்குது. ஊரே தூங்கினப்புறமும் தூங்காம ஒரு குழந்தை இருக்கும். அந்த மாதிரி குழந்தை இருக்குற வீட்டுல கேட்டுப் பாருங்க. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன ஒரே ஆறுதல் அது. அதை எடுத்தா மீதியை நீங்களே வெச்சுக்குங்க.”

“மாஷிமா, உங்க ஆலோசனையைப் பெற்றுக்கொண்டோம்” என்றார் நிகுஞ்ச கடாய் மரியாதையாக.

“அப்ப மாத்த மாட்டீங்களா?”

“ஆலோசனை பெறணும்னுதான் ஒப்பந்தத்துல இருக்கு. பெற்றாச்சு. ஏத்துக்கணும்னு இல்லையே.”

கடைசிப் பக்கத்துக்குப் பதில், எல்லாத் துறையினரும் ஆற்றங்கரையில் வரிசையாக நின்று, இனி எந்நாளும் விழிப்போடு பணியாற்றுவோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொள்வார்கள் என்று முடிவானது. தபால்காரர் மட்டும் ஓரத்தில் படுத்திருப்பார்.

ஹிமானி தீதியும் நானும் டாக்சியில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது, “என் பொண்ணை ஆத்துல தள்ளிட்டு வந்த மாதிரி இருக்கு, பேதாந்தம் பாபு” என்றார். நான் கீரை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

படம் ஒருவழியாக முடிந்து டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் படத்தொகுப்பு நடந்துகொண்டிருந்தது. தொகுப்பாளர் தன்மயா சாந்த்ரா என்ற இளம்பெண். ஹிமானி தீதி ஒரு மத்தியானம் பொங்கி வந்த கோபத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். சண்டை போடத்தான் போனோம். ஆனால் தன்மயா கதவைத் திறந்ததும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, “மாஷிமா, சின்ன வயசுல எங்கம்மா உங்க புத்தகத்தைக் காட்டினா நான் தூங்கவே மாட்டேன். கடைசிப் பக்கத்துக்காகவே முழிச்சுக்கிட்டிருப்பேன்” என்றாள்.

“அதைத்தான் வெட்டிட்டாங்களே.”

“உக்காருங்க. படம் பாத்தீங்களா?”

“இல்ல.”

“நானே முழுசா பாத்ததில்ல.” தன்மயா மண்குவளைகளில் டீ ஊற்றினாள். “நிஜமா சொல்றேன். முட்டைக்குள்ள ஒரு மணி நேரம். அப்புறம் முதலை தண்ணியில கெடந்து யோசிக்குது. யாரும் கொட்டாவி விடல, யாரும் தூங்கல, ஒண்ணுமே நடக்கல. பாலம் திறக்கறதுக்குள்ள என் தலை மேஜையில மோதிடும். துண்டு துண்டாத்தான் வெட்டி ஒட்டினேன். தூர்ஜடி அண்ணா வந்து உக்காருவார். கறுப்புக் கண்ணாடி. தாடையில கை. ரெண்டரை மணி நேரம் அசைய மாட்டார். என்னமோ ஆழமா பார்க்கறார்னு நெனச்சேன். ஒரு நாள் குறட்டை வந்துச்சு.”

“அதிகாரிங்க?”

“அவங்க முட்டையைத் தாண்டினதே இல்ல.”

 ஹிமானி தீதி மெல்லத் தன் பையைத் திறந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தார்.

“அப்போ கடைசியில என்ன இருந்தாலும்...”

“யாருக்குத் தெரியும்?” என்றாள் தன்மயா.

அதற்கப்புறம் ஹிமானி தீதி தினமும் டாலிகஞ்ச் போனார். ஒரு படகு, ஒரு குழந்தை, ஒரு முதலை. அவரே வரைந்தார். உறுதிமொழி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

தணிக்கைக் குழு படத்தைப் பார்த்து, எந்த இடத்திலும் ஆட்சேபணை இல்லை என்று சான்றிதழ் தந்தது. குழுவினரின் கன்னத்தில் நாற்காலிக் கைப்பிடியின் தடம் இருந்ததாகத் தன்மயா சொன்னாள்.

முதல் காட்சி அரசு அரங்கில் கோலாகலமாக நடந்தது. சிறார் படம் என்பதால் எல்லாத் துறைச் செயலாளர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். இடம் போதாமல் போனதால் சிறாரை அழைக்கவில்லை. வெளியே சித்திரை வெயில். உள்ளே குளிரூட்டிய இருட்டு, சாய்கிற நாற்காலி, திரையில் முட்டை.

இனி நடந்தது ஹிமானி தீதி சொன்னது. நான் படத்தை உள்வாங்குவதற்காகக் கண்களைக் கொஞ்சம் மூடியிருந்தேன். முதலில் முன்வரிசையில் அமைச்சரின் தலை சாய்ந்ததாம். அமைச்சரைப் பார்த்த செயலாளர் ஒருவர் கொட்டாவி விட்டாராம். செயலாளரைப் பார்த்து வரிசையாக எல்லோரும். வனத்துறைக்காரர் வாயைத் திறந்தபடி கிடந்தாராம்; உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் இருக்கும். கடைசியில் அவ்வளவு பெரிய திரையில் படகு வந்தது. குழந்தை வந்தது. முதலை வந்தது. இரண்டும் சிரித்தன. அரங்கம் முழுவதிலும் முழித்திருந்தவர்கள் மேலே படம் ஓட்டும் அறையில் தன்மயாவும், கீழே ஹிமானி தீதியும்தான்.

“நல்லா வந்துச்சா, தீதி?” என்று பிறகு கேட்டேன்.

“அழுதுட்டேன்” என்றார். “பக்கத்துல உங்க குறட்டைதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

விளக்கு எரிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. யார் எவ்வளவு தூங்கினாரோ அவர் அவ்வளவு தட்டினார். அமைச்சர் மேடையேறினார். “குறிப்பாக அந்தக் கடைசிக் காட்சி!” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் சிவந்துதான் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் தூர்ஜடியைச் சூழ்ந்துகொண்டு முடிவுக்கு விளக்கம் கேட்டார்கள். அவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, “முடிவை நான் பார்வையாளர்கிட்டயே விட்டுட்டேன்” என்றார். அவர் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுதான் என்று தன்மயா சொல்கிறாள்.

அவ்வளவுதான். ஊர் பற்றிக்கொண்டது. அந்த வெயிலில் மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அரசு அலுவலர் சங்கங்கள், படத்தைப் பணிநேரத்திலேயே பார்க்க அனுமதி கேட்டு வாங்கின. கரியாஹாட் மீன்கடையில் ஹில்சாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஒருவர் முதலை கடலுக்குப் போய்விடுகிறது என்றார். இன்னொருவர் அது திரும்ப முட்டைக்குள் போகிறது, அதுதானே தத்துவம் என்றார். தொழிலாளர் எழுச்சியோடு முடிகிறது என்று ஒரு கட்சியும், பாலம் இடிந்து விழுகிறது என்று எதிர்க்கட்சியும் அறிக்கை விட்டன. பாலம் இடிந்ததாகச் சொன்னது அரசை அவமதிப்பதாகும் என்று நிகுஞ்ச கடாய் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். குழு படத்தின் கடைசிக் காட்சியைப் பார்க்க மூன்று தடவை அமர்ந்து, மூன்று தடவையும் மிகுந்த புத்துணர்ச்சியோடு எழுந்து, முடிவு மூலநூலுக்கு முற்றிலும் உண்மையாக இருப்பதாக அறிக்கை தந்தது. அது சரியாக இருந்தது என்பதுதான் வேடிக்கை.

எங்கள் தெருக் கிளப்பில் ஹிமானி தீதிக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்டு, லூச்சிப் பூரியும் ஆலு தம் கறியும் பரிமாறி, பேச்சு ஆரம்பிப்பதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. கடலா, முட்டையா, பாலமா? ஹோமியோபதி டாக்டர், கல்லூரிப் பேராசிரியரின் சட்டையைப் பிடித்துவிட்டார். கடைசியில் கிளப் செயலாளர் எல்லோரையும் அடக்கி, “எழுதினவங்களே இருக்காங்க. அவங்களையே கேட்டுடுவோம்” என்றார்.

ஹிமானி தீதி ஒலிபெருக்கியை வாங்கினார். “அதுல கடலும் இல்ல, பாலமும் இல்ல. ஒரு குழந்தையும் முதலையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்குது. அவ்வளவுதான்.”

கூட்டம் அவரைப் பார்த்தது. பேராசிரியர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். டாக்டர் பேராசிரியரைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அடித்துக்கொண்டவர்கள் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்தார்கள்.

“மாஷிமா,” என்றார் டாக்டர் மிகவும் கனிவாக, “வயசாயிடுச்சுல்ல. அந்த இடத்துல நீங்க கொஞ்சம் கண்ணசந்துட்டீங்க போலிருக்கு.”

ஹிமானி தீதி உதவிக்கு என் பக்கம் திரும்பினார். நான் லூச்சியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: கடைசியில் மழை பெய்தது.